நாலு பேருக்குத் தெரியட்டும்

அரூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். என் மகள் தர்ஷினி பெரிம்மா என்பாள். கீழே அவர் குடும்பம், மேலே நாங்கள், அதற்கு மேலே மொட்டை மாடி. அக்காவின் கணவர் சொந்த லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார்.

அவருக்கு மூலம் இருந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். இது எங்கள் தெருவில் பால் ஊற்றுபவர், கேபிள் டிவிக்காரர், எதிர் வீட்டுக்கு விருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா சொல்லித்தான் தெரியும். ஒருமுறை நானும் அக்காவும் சேலம் பஸ்ஸில் ஒன்றாகப் போக நேர்ந்தது. பாதி வழியில் கணவரிடமிருந்து போன் வந்தது. "ரத்தம் வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்று அக்கா கேட்டார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் போனை வைத்ததும் முன் சீட்டில் இருந்த பெரியவர், தனக்கும் அதே தொந்தரவு இருந்ததாகச் சொல்லி ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா தம்பி? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் நாலு வழி கெடைக்கும். வாய மூடிட்டு ஒக்காந்திருந்தா மூலந்தான் இருக்கும்."

அந்த டாக்டரிடமே காட்டி அவர் கணவருக்குக் குணமும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அக்காவை யாரும் தடுக்க முடியவில்லை.

நான் நேர் எதிர். காய்ச்சல் வந்தால்கூட வெளியே சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள். டிராக்டர் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். பைக்கில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பார்ப்பதுதான் வேலை. என் மனைவி சுமதிக்குப் பல வருடக் காத்திருப்புக்குப் பின் அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது, ஆனால் திருவாரூர் பக்கம். மாறுதல் வாங்கும்வரை அவள் அங்கே தனியாக இருப்பது, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தர்ஷினி என்னோடு இருப்பது என்று முடிவு செய்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கீழே அக்கா இருக்கிறாரே என்ற தைரியமும் அந்த முடிவில் இருந்தது. அது வீண் தைரியம் இல்லை. தர்ஷினிக்குத் தலை பின்னி, பேன் பார்த்து, நான் வரத் தாமதமானால் சோறு போட்டு, தூங்க வைத்துக்கூட அனுப்புவார். எதையும் நான் கேட்டுச் செய்ததில்லை.

சுமதி போன கொஞ்ச நாளில் தர்ஷினி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். முதல் நாள் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர் அதிகம் குடித்திருப்பாள் என்று நினைத்துப் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து மெத்தையையே மாடிக்குத் தூக்க வேண்டியதாயிற்று.

மொட்டை மாடியில் அக்கா புளி காயப் போட்டிருப்பார். அது எனக்குத் தோன்றவில்லை. நான் கீழே இறங்கிப் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி வேன் வந்து நின்று, தர்ஷினி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்போது மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பாப்பா படுக்கையில ஒண்ணுக்குப் போயிருச்சா?"

வேனுக்குள் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தர்ஷினி பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். வேன் தெருமுனை திரும்பும்வரை அவள் நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, கொழந்தைய வெச்சுக்கிட்டு இதெல்லாம் சத்தமாச் சொல்லாதீங்க. கூச்சப்படறா."

"அதுல என்னா கூச்சம்? நாமெல்லாம் போகாததா? நீங்க ஏன் தம்பி தனியா மெத்தையத் தூக்கிட்டுப் போனீங்க? என்னக் கூப்புட்டிருந்தா ஒரு கை புடிச்சிருப்பன்ல?"

அவரோடு பேசுவது எப்போதும் இப்படித்தான். நான் ஒன்றைச் சொல்வேன். அவர் அதற்குப் பக்கத்தில் உள்ள வேறொன்றுக்குப் பதில் சொல்வார். அந்தப் பதிலில் அன்பு இருக்கும். அதனால் மேலே பேச முடியாது.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. குடிநீர் எப்போது வரும், யார் வீட்டு நாய் காணோம் என்பதற்காகத் தொடங்கியது. அக்காவுக்கு எழுத்து தட்டப் பொறுமை கிடையாது, பேசித்தான் அனுப்புவார். ஒரு நாள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு வயலோரம் நின்று ஒருவருக்கு டிராக்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க மேல் வூட்டுப் பாப்பா தூக்கத்துல படுக்கையில போயிருது. அவங்கம்மா வேலைக்கு வெளியூர் போனதுல இருந்து இப்புடி. யாருக்காச்சும் மருந்து தெரிஞ்சா சொல்லுங்க."

மருந்துகள் குவிந்தன. எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை. வெந்நீரில் தேன். ஒருவர் மந்திரித்த கயிறு என்றார். இன்னொருவர், பயமுறுத்தினால் நின்றுவிடும் என்றார். அக்கா பயமுறுத்துவதை மட்டும் ஒதுக்கினார். அதற்குப் பதில் அந்த ஆளை எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பிடி பிடித்தார். மற்ற எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். தர்ஷினி எள்ளுருண்டையை விரும்பித் தின்றாள். இடுப்பில் கயிறு கட்டியபோது என்னைப் பார்த்தாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் ஒரு கயிறு என்ன செய்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எதிலும் நிற்கவில்லை. இரண்டு நாள் படுக்கை காய்ந்திருக்கும். நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்கும் காலையில் மறுபடி நனைந்திருக்கும். நான் அலாரம் வைத்து எழுப்பிக் கூட்டிப் போய்ப் பார்த்தேன். பாத்ரூமில் நின்றுகொண்டே தூங்குவாள், ஒரு சொட்டும் வராது. திரும்ப வந்து படுத்தால் விடிவதற்குள் நனைந்திருக்கும். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் விரிப்பு, போர்வை, பாவாடை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வெளியே கிளம்பும்போது சட்டையில் அந்த வாடை அடிக்கிறதோ என்று முகர்ந்து பார்த்துக்கொள்வேன். சில நாள் குரல் உயர்ந்துவிடும். அப்போது தர்ஷினி நனைந்த விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பாள். அதைப் பார்த்த பிறகு அலுவலகத்தில் எந்த வேலையும் ஓடாது.

ஒரு நாள் திடீரென்று மழை. நான் கம்பைநல்லூர்ப் பக்கம் மாட்டிக்கொண்டேன். மெத்தை மாடியில் கிடக்கிறதே என்று பதறிக்கொண்டு வந்தால், அது எங்கள் வீட்டு வராந்தாவில் ஃபேனுக்கு நேராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா ஒற்றை ஆளாகத் தூக்கியிருக்கிறார். இடுப்பு பிடித்துக்கொண்டு கீழே படுத்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் கோபத்தை எந்தப் பக்கம் காட்டுவது?

அக்கா அடுத்துக் கையில் எடுத்தது தண்ணீர். மத்தியானத்துக்கு மேல் பாப்பாவுக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று யாரோ குழுவில் சொல்லியிருந்தார்கள். வேன் டிரைவரிடம் சொன்னார், வகுப்பு ஆசிரியையிடம் போனில் சொன்னார். வெயில் கொளுத்துகிற மாதம். தர்ஷினி உதடு வெடித்து வந்தாள். நான் ரகசியமாக ஒரு டம்ளர் கொடுப்பேன். மறுநாள் படுக்கை நனைந்தால், "தண்ணி குடுத்தீங்களா?" என்று அக்கா படியிலேயே கேட்பார். தண்ணீர் கொடுத்ததற்காக என் வீட்டில் நான் திருடனைப்போல் நின்றேன்.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்தார். சுமதிக்குப் போன் போட்டார்.

நான் சுமதியிடம் முழுவதும் சொல்லியிருக்கவில்லை. எப்போதாவது நனைக்கிறாள் என்ற அளவில் வைத்திருந்தேன். புது இடம், புது வேலை, அவள் எதற்குக் கலங்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று அவள் எனக்குப் போன் செய்தபோது எடுத்தவுடன் அழுகை.

"தெனமும் நனைக்கிறாளாமே. ஒடம்பு எளச்சிட்டாளாமே. அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"அவங்க கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாங்க."

"மெத்தைய மாடியில காயப் போடறதக் கூட்டிச் சொல்ல முடியுமா? நான் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறன். எம் புள்ளைய விட்டுட்டு எனக்கு என்ன வேலை?"

அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் படித்தாள் என்று எனக்குத் தெரியும். தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு புத்தகம் படித்தவள். மேற்கொண்டு பேசினால் சண்டையாகும் என்று தெரிந்தும் பேசினோம், சண்டை ஆயிற்று. போனை வைத்துவிட்டுக் கீழே போனேன்.

"எதுக்குக்கா அவகிட்டச் சொன்னீங்க?"

"பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?" அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீங்க ஒங்களுக்குள்ளயே வெச்சுக்கிட்டு அல்லாடறீங்க. அவ அங்க ஒண்ணும் தெரியாம இருக்குறா. இதென்னா குடித்தனம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுமதி ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்குள் வேறொன்று நடந்தது. தர்ஷினி ஒரு காலையில் ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். காய்ச்சலும் இருந்தது. தர்மபுரியில் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் போவதற்கு முன்பே அக்கா சேலை மாற்றிக்கொண்டு அங்கே நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

டாக்டரிடம் பெரிய கூட்டம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அக்கா ஆரம்பித்துவிட்டார். "ஒங்க கொழந்தைக்கு என்னா? சளியா? எங்க பாப்பாவுக்குப் படுக்கையில போற தொந்தரவு. ரெண்டாவது படிக்குது." தர்ஷினி என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். காய்ச்சல் உடம்பின் சூடு என் நெஞ்சில் பட்டது. அக்காவின் வாயைப் பொத்தலாம்போல் இருந்தது.

உள்ளே கூப்பிட்டபோது டாக்டரம்மா மூன்று பேரையும் பார்த்தார். யார் யார் என்று கேட்டுவிட்டு அக்காவை வெளியே காத்திருக்கச் சொன்னார். அக்கா தயங்கித் தயங்கிப் போனார். டாக்டர் தர்ஷினியைப் படுக்க வைத்து வயிற்றை அங்கங்கே அழுத்தினார். பிறகு படுக்கையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"டாய்லெட் எப்பப்ப போவ பாப்பா?"

தர்ஷினி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து போனியா? அதுக்கு முந்தின நாள்?"

தலை ஆடியது, இல்லை என்று.

"ஸ்கூல்ல போவியா?"

"அங்க தாப்பா இல்ல" என்றாள். "பசங்க கதவத் தள்ளுவாங்க. தண்ணியும் வராது."

"அப்ப ஒண்ணுக்கு?"

"அடக்கிக்குவன். அதுக்குத்தான் தண்ணி குடிக்க மாட்டன்."

இவ்வளவையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. டாக்டர் எனக்கு விளக்கினார். வயிற்றில் மலம் இறுகித் தங்கிவிட்டால் பக்கத்தில் இருக்கும் மூத்திரப் பையை அது அழுத்தும், பை தாங்காது, தூக்கத்தில் தெரியாமலே வந்துவிடும். தண்ணீரைக் குறைத்தால் மலம் இன்னும் இறுகும், பகலெல்லாம் அடக்குவதால் கிருமியும் சேர்ந்திருக்கிறது. பகலில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நேரத்துக்கு டாய்லெட் போக வேண்டும், மருந்து தருகிறேன், நாளாகும், பொறுமையாக இருங்கள் என்றார். "அவ வேணும்னு பண்ணல. திட்டறதும் வேண்டாம், நனைக்காத நாள்ல பெருசாக் கொண்டாடறதும் வேண்டாம்."

"அவங்கம்மா ஊர்ல இல்லாததாலன்னு எல்லாரும் சொல்றாங்க, டாக்டர். வேலைய விட்டுட்டு வரேங்கறாங்க."

"ஏக்கம் கொஞ்சம் இருக்கலாம். அம்மா வந்தா ஸ்கூல்ல தாப்பா வந்துருமா?"

வெளியே வந்ததும் நான் சுமதிக்குப் போன் செய்து இதே வாக்கியத்தைச் சொன்னேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "சரி, பாக்கலாம்" என்றாள். கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

அக்காவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் விஷயத்தை அவர்தானே நிறுத்த வேண்டும். "தண்ணி குடுக்காம வெச்சது தப்பா?" என்று கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று. பஸ்ஸில் தர்ஷினியை மடியில் படுக்க வைத்துக்கொண்டு, வழியில் நின்ற இடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டிலை அவள் வாயில் வைத்தார். மொரப்பூர் தாண்டும்போது முகம் மாறிவிட்டது.

"தாப்பா இல்லையாமா? பொட்டப் புள்ளைங்க போற எடத்துல?"

"அக்கா, நான் நாளைக்குப் போய் ஹெச்.எம். கிட்டப் பேசறேன். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. பாப்பா பேர் வெளியில வரக் கூடாது."

"நான் எதுக்கு அவ பேரச் சொல்லப் போறன்?" என்றார்.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது, தர்ஷினி பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு நான் போனேன். தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் பேசினார். வேறு எந்தப் பெற்றோரும் இதுவரை சொன்னதில்லையே என்றார். லீவு விடட்டும், பார்க்கலாம் என்றார். நான் சரிங்க மேடம் என்று எழுந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் அக்கா. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த அம்மாக்கள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"ஒவ்வொருத்தரும் ஒங்க புள்ளையக் கேளுங்க. பகலெல்லாம் ஒண்ணுக்கு அடக்கிட்டு வருதா இல்லையான்னு கேளுங்க. தாப்பா இல்ல, தண்ணி இல்ல. எங்க மேல் வூட்டுப் பாப்பா அடக்கி அடக்கித்தான் தெனமும் படுக்கைய நனைக்குது. நேத்து தர்மபுரி டாக்டரே சொல்லிட்டாங்க."

அம்மாக்கள் கேட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றும் வாயைத் திறந்தன. ஆமாம்மா, நானும் போறதில்ல. நானும் வூட்டுக்கு வந்துதான். ஒரு பெண்ணின் தாய் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார்கள், அக்கா முன்னால் போனார். சத்தம் ரோடுவரை கேட்டது.

அடுத்த சில நாளில் எல்லாக் கதவுக்கும் தாப்பா வந்துவிட்டது. வாளி, குவளை வந்தன. தண்ணீர் வந்தது. என் மரியாதையான பேச்சால் ஆகாதது அவருடைய சத்தத்தால் ஆயிற்று. இதை நான் எப்போதும் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு தர்ஷினி நின்றிருந்தாள். மேல் வீட்டுப் பாப்பா யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்துக் காதோடு காது பேசினார்கள். பைக்கில் வரும்போது அவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள்.

அன்று நான் கீழே போய்க் கத்திவிட்டேன். வாடகைக்குக் குடியிருப்பவன் வீட்டுக்காரரிடம் பேசுகிற பேச்சாக அது இல்லை.

"பேரச் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே. அவ ஸ்கூலுக்கே போக மாட்டேங்கறா. தாப்பா போட்டு என்ன புண்ணியம்? போறதுக்குப் புள்ள இல்லையே."

"பேரச் சொல்லலியே. மேல் வூட்டுப் பாப்பான்னுதான் சொன்னன்."

"அக்கா."

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது. அதைச் சாத்த வேண்டும் என்று அவருக்கு எப்போதும் தோன்றியதில்லை. வழக்கமான குரலில், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, சொல்லத் தொடங்கினார்.

"நானும் போய்க்கிட்டிருந்தவதான் தம்பி. வயசுக்கு வந்த பின்னாலயும் போனன். எங்க வூட்ல என்னா பண்ணாங்க தெரியுமா? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மாட்டுக் கொட்டாயில படுக்க வெச்சாங்க. சாக்கு விரிச்சு. மாமன் வூட்டுத் திருவிழாவுக்கு எல்லாரும் போவாங்க, என்னக் கூட்டிட்டுப் போவ மாட்டாங்க. அங்க போயி ராத்திரி தங்கினா தெரிஞ்சு போயிரும்ல? காவலுக்கு நான் இருப்பன். யாராச்சும் கேட்டா, அவளுக்கு மாடுன்னா உசுருன்னு சொல்லுவாங்க. ஒரு டாக்டர்கிட்டக் காட்டல, ஒருத்தருகிட்டக் கேக்கல. வெளியில தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"கல்யாணம் ஆச்சு. தூங்கினா போயிருவன்னு பயந்துக்கிட்டு ஒக்காந்தே இருந்தன். அவரு என்னான்னு கேட்டாரு. செத்தாலும் சாவலாம்னு சொல்லிட்டன். அந்த மனுசன் சிரிக்கறாரு. 'லாரியில தார்ப்பாய் இருக்குது, கவலப்படாத'ன்னாரு. அவ்வளவுதான் தம்பி. அவ்வளவு வருசம் கொட்டாயில கெடந்தது ஒரு வார்த்தையில போச்சு. அதுக்கப்பறம் நான் எதையும் மறைக்கறதில்ல. யாரையும் மறைக்க உடறதுமில்ல."

என் கோபம் போகவில்லை. "அது ஒங்களுக்குச் சரிக்கா. அவளுக்கு அப்படி இல்ல" என்றேன்.

"தெரிஞ்சா என்னா, ஒண்ணும் ஆயிராது தம்பி."

"ஆயிருச்சே."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் மேலே வந்துவிட்டேன். வேறு வீடு பார்க்க வேண்டும் என்று அன்று முடிவே செய்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தர்ஷினியைக் காணோம். படியில் பாதி இறங்கிப் பார்த்தேன். கீழே வாசலில் அக்கா புளியை அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் இவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் அவர் முகத்தைக்கூடப் பார்க்காதவள்.

"பெரிம்மா, நீங்க மாட்டுக் கொட்டாயில படுத்தீங்களா?"

அன்று ஜன்னல் வழியாக எல்லாம் மேலே கேட்டிருக்கிறது.

"ஆமா கண்ணு."

"பெரியப்பாகிட்ட யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொன்னன்."

"ஒங்கம்மா சொல்லலியா?"

"இல்ல. நானேதான்."

தர்ஷினி ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கையில் உருட்டினாள். "என்னோடதையும் நான்தான் சொல்லுவன் பெரிம்மா. நீங்க சொல்லக் கூடாது."

அக்காவின் கையில் இருந்த சுத்தியல் அப்படியே நின்றது. ஏதாவது சொல்வார், பக்கத்தில் உள்ள வேறொன்றுக்குப் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சரி கண்ணு" என்றார்.

"யாருகிட்டயும்?"

"யாருகிட்டயும் சொல்ல மாட்டன்."

திங்கட்கிழமை அவள் தானாகவே சீருடை போட்டுக்கொண்டு வேனுக்கு நின்றாள். முதல் சில நாள் சிரமப்பட்டாள் என்று நினைக்கிறேன், என்னிடம் சொல்லவில்லை. பிறகு தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தது. படுக்கை உடனே காய்ந்துவிடவில்லை. மருந்து கொடுத்தும் நனைந்த நாட்கள் உண்டு. எனக்குப் பொறுமை போன நாட்களும் உண்டு. ஆனால் நனையாத காலைகள் மெல்ல மெல்லக் கூடின.

அக்காவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. தெருவில் யாராவது, "பாப்பாவுக்கு இப்ப எப்புடிங்க?" என்று கேட்பார்கள். அக்கா வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார், பேச்சை முருங்கைக்காய்க்குத் திருப்புவார். குழுவில் ஒருவர் நேராகவே கேட்டார். அக்காவிடமிருந்து பேச்சு ஒன்று வந்தது. நான் பயந்துகொண்டே கேட்டேன். "கொழாயில தண்ணி வருது, எல்லாரும் புடிச்சுக்குங்க" என்று மட்டும் இருந்தது. மொட்டை மாடியில் விரிப்பு காய்வதைப் பார்த்தால் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு புளியைக் கிளறுவார். வீடு மாறும் பேச்சை நான் எடுக்கவில்லை.

தீபாவளிக்கு சுமதி வந்தாள். அவள் முதலில் போனது கீழ் வீட்டுக்கு. நான் சொல்வதை அவள் முழுதாக நம்புவதில்லை, குறைத்துச் சொல்வேன் என்று தெரியும். அக்காவிடம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அக்காவுக்கு என்மேல ஏதாச்சும் கோவமா?"

"ஏன்?"

"தர்ஷி இப்ப நனைக்கறாளா இல்லையான்னு கேட்டேன். 'எனக்குத் தெரியாது, அத அவளயே கேளு'ங்கறாங்க. நான் பெத்தவ. எனக்குக்கூடவா சொல்லக் கூடாது? மூஞ்சியே குடுத்துப் பேசல. இட்லிக்கு மாவு ஆட்டணும்னு உள்ள போயிட்டாங்க. பின்னாலயே போனா, கையத் தொடச்சுக்கிட்டே நிக்கறாங்க, வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

தர்ஷினி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாம்மா, நான் சொல்றன்."

நானும் எழுந்து பின்னால் போனேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க வேண்டாம்ப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.